பாப்பாவின் உயரம்

"டீச்சர், பாப்பாவ இன்னும் கொஞ்சம் ஒசரமா வரையணும். இத்த அழிச்சுடட்டுமா?"

செங்கல்வராயன் இப்படிக் கேட்பது இது மூன்றாவது முறை. ஹேமாவதிக்கு அலுப்பாக இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த அந்தக் குடிபோதை மீட்பு மையத்தில் ஞாயிறுதோறும் அவள் ஓவிய வகுப்பு எடுத்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் நீளச் சுவரில் பழவேற்காடு ஏரி உருவாகிக்கொண்டிருந்தது. கை நடுங்குகிறவர்களுக்கு முதலில் அகலமான பிரஷ்ஷைக் கொடுத்து வானத்தையும் தண்ணீரையும் அடிக்கச் சொன்னாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும், வீடு திரும்பினால் முதலில் யாரைப் பார்க்க ஆசையோ அவர்களைக் கரையில் வரையச் சொன்னாள். குப்புராஜ் தன் அம்மாவை வரைந்தார். உருக்காலையில் கிரேன் ஓட்டிய செங்கல்வராயன், எட்டு வயது மகள் ரம்யாவை வரைந்தார். நான்கு மாதமாக அவளை மட்டும்தான் வரைகிறார்.

"நல்லாத்தானேண்ணா இருக்கு. எதுக்கு அழிக்கணும்?"

"போன வாரம் சந்திரகலா சொல்லிச்சு டீச்சர். பாப்பா வளந்துட்டாளாம். ஸ்கூல் பாவாட முட்டிக்கு மேல ஏறிடுச்சாம்."

சந்திரகலா அவர் மனைவி. மீஞ்சூரில் ரயில் ஏறி வாராவாரம் வந்துவிடுவாள். குழந்தையை மட்டும் ஒருமுறைகூட அழைத்து வந்ததில்லை. ஒரு வாரம் பரீட்சை என்பாள், இன்னொரு வாரம் ஜுரம் என்பாள். குடித்தவர் என்பதற்காக மகளைக் கண்ணில் காட்டாமல் தண்டிக்கிறாள் என்றுதான் ஹேமாவதி நினைத்திருந்தாள்.

அன்று பதினோரு மணிக்குச் சந்திரகலா வந்தாள். சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இப்ப எவ்ளோ ஒசரம் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

அவள் தன் நெஞ்சருகே கையை வைத்துக் காட்டினாள். "இது வரிக்கும் வந்துட்டா. உழுந்த பல்லு மொளச்சிடுச்சு. ஸ்கூல்ல டான்ஸ்ல வேற சேத்துக்கினாங்க, ஊட்ல ஒரு நிமிசம் ஒக்கார்றதில்ல."

"கால் வலிக்கப் போவுது, பாத்துக்க."

"சொன்னா எங்க கேக்கறா?"

அரை மணி நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். ஹேமாவதி வாசல் கேட் வரைக்கும் சந்திரகலாவைப் பின்தொடர்ந்தாள்.

"ஒரே ஒரு தடவ கொழந்தையக் கூட்டிட்டு வாங்கக்கா. அந்த மனுஷன் ஏங்கிப் போறாரு. உங்களுக்கு மனசே வரலியா?"

சந்திரகலா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லாத புள்ளைய எங்கேர்ந்து கூட்டினு வர்றது டீச்சர்?"

ஹேமாவதிக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கி அவரு குடிச்சிட்டு பாப்பாவ பைக்ல ஏத்திக்கினு வந்தாரு. கவரப்பேட்ட கிட்ட லாரில மோதிட்டாரு. பாப்பா அங்கியே போயிட்டா. இவருக்குத் தலைல அடி, பதினோரு நாளு நெனப்பே இல்ல. கண்ணு முழிச்சதும் பாப்பா எங்கன்னுதான் கேட்டாரு. சொன்னா உசுர உட்டுடுவாரு, வைத்தியம் முடியற வரிக்கும் சொல்லாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்க கொண்டாந்து உட்டோம். ஒவ்வொரு வாரமும் ட்ரெயின்ல வர்ற வழி பூரா, இன்னிக்கி பாப்பா இன்னா பண்ணான்னு சொல்றதுன்னு யோசிச்சுக்கினே வருவேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பஸ் பிடிக்க நடந்தாள்.

ஹேமாவதி கூடத்துக்குத் திரும்பினாள். செங்கல்வராயன் பழைய உருவத்தின் மேல் வெள்ளை அடித்துவிட்டு, இரண்டு விரல் உயரம் கூட்டிப் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முகத்துக்கு நிறம் கலந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"அக்கா சொன்னாங்கண்ணா. பரீட்ச முடிஞ்சதும் ரம்யாவக் கூட்டிட்டு வருவாங்களாம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாவாடையின் ஓரத்தை வரைந்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே ரோட்ல எனக்கு நெனப்பு வந்துச்சு டீச்சர், பாப்பா என் மடிலதான் போனா, அப்புறந்தான் மயங்கினேன்; கண்ணு முழிச்சதும் கேட்டது, கனவா இருக்காதான்னுதான். ஊட்ல பாப்பா பேர எடுத்தாலே சொந்தக்காரங்க சந்திரகலா வாய மூடிடுவாங்க, இங்க வந்தாத்தான் அதால பேச முடியுது; எனக்குத் தெரியும்னு அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."