சுற்றுவழி

“இன்னிக்கு ஓடைப் பாதையில போனாத்தான் வண்டியில ஏறுவேன். இல்லேன்னா இங்கேயே உட்கார்ந்துக்கிறேன்.”

முதியோர் இல்லத்து வாசல் பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஃபெலிஸ்மினா அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஆம்புலன்ஸ், கதவைத் திறந்தபடி நின்றது. அந்த ஊரில் தீயணைப்புத் தொண்டர்கள்தான் ஆம்புலன்ஸும் ஓட்டினார்கள்.

வாரத்தில் மூன்று நாள் அவள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு தடவை தவறினால் பிழைப்பது கஷ்டம். அது அவளுக்கும் தெரியும், வண்டி ஓட்டும் பல்தசாருக்கும் தெரியும்.

“அத்தை, எட்டு மணிக்கு மெஷின்ல இருக்கணும். வாங்க” என்றான் பல்தசார். விடியும்வரை ரொட்டி சுட்டுவிட்டு, கையில் மாவு காய்வதற்குள் சம்பளமில்லாமல் வண்டி ஓட்ட வருகிறவன்.

“ஓடைப் பாதையில போனா முப்பது நிமிஷம். நீ அணையைச் சுத்திக்கிட்டு ஒரு மணி நேரம் ஆக்குறே. மூணு மாசமா கேக்கிறேன், ஏன்டா?”

“அந்தப் பக்கம் ரோடு சரியில்லை, அத்தை.”

“பஸ் போகுது, பால் வண்டி போகுது. உனக்கு மட்டும் ரோடு சரியில்லையா?”

வண்டிக்குள்ளிருந்து அபீலியோ தலையை நீட்டினார். அவருக்கும் அதே வியாதி, அதே ஆஸ்பத்திரி. “எனக்கு அணையைப் பார்த்துக்கிட்டுப் போறதுதான் பிடிக்குது, ஃபெலிஸ்மினா. ஏறுங்க.”

“திரும்பி வர்றப்போ தலை தொங்கிப்போய் வாந்தி எடுக்கிற ஆளு நீங்க. உங்களுக்கு அணை அழகு கேக்குதா? இவன் கொண்டுவர்ற இனிப்பு ரொட்டிக்கு விலைபோயிட்டீங்க!”

உள்ளே இருந்த மற்ற இரண்டு நோயாளிகளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“அணைக்கரையில உனக்கு எவளோ இருக்கான்னு ஊரே பேசுது, பல்தசார். டீசல் இல்லேன்னு சர்ச் வாசல்ல உண்டியல் குலுக்குறீங்க. அந்த டீசல்ல நீ காதல் பண்றே!”

பல்தசாரின் காது சிவந்தது.

தீயணைப்பு நிலையத்துக் கமாண்டரிடமும் அவள் இரண்டு தடவை புகார் செய்துவிட்டாள். அவர் தலையை ஆட்டினார், காபி கொடுத்தார், அவ்வளவுதான்.

அவளுடைய அவசரம் வேறு. ஓடைப் பாதையில்தான் அவளுடைய அறுபது ஆலிவ் மரங்கள் இருந்தன. பிள்ளைகள் லிஸ்பனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டார்கள். மரங்கள் எங்கும் போகவில்லை. ஜூலையில் மயங்கி விழுந்ததிலிருந்து அவள் அவற்றைப் பார்க்கவில்லை. இப்போது அக்டோபர் கடைசி. காய் பறிக்க ஆள் சொல்லியாக வேண்டும். யாரை விசாரித்தாலும் “நிக்குது, நிக்குது” என்கிறார்களே தவிர, காய்ப்பு எப்படி என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

“ஏழேகால் ஆச்சு, அத்தை.”

“ஆகட்டும்.”

“விளையாடாதீங்க. உயிர் விஷயம்.”

“என் உயிர்தானே? உனக்கென்ன?”

பல்தசார் வயர்லெஸ்ஸில் நிலையத்தைக் கூப்பிட்டு, திரும்பி நின்று ஏதோ சொன்னான். சற்று நேரம் வெறும் கரகரப்பு. பிறகு கமாண்டரின் குரல்: “வேற வழியில்லை. ஓடைப் பாதையிலேயே போ. மெதுவாப் போ.”

ஃபெலிஸ்மினா ஜெயித்த முகத்தோடு முன்னிருக்கையில் ஏறினாள்.

“இந்த வருஷம் எண்ணெய் ஆட்டினதும் உங்க நிலையத்துக்கு ஒரு டின் தரலாம்னு இருந்தேன். உன் லட்சணத்துக்கு அரை டின்தான்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது வளைவு திரும்பியதும் அவள் பேச்சு நின்றுவிட்டது.

சரிவு முழுக்கக் கறுப்பு. வேலி இல்லை, கொட்டகை இல்லை. அறுபது மரங்கள் இருந்த இடத்தில் அறுபது கரிக்கட்டைகள்.

பல்தசார் வண்டியை ஓரங்கட்டினான்.

“எப்போ?”

“ஜூலை கடைசியில. நீங்க ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தீங்க.”

“நீங்கல்லாம் எங்கேடா போயிருந்தீங்க?”

“இங்கேதான் இருந்தோம், அத்தை. ஒரே ஒரு தண்ணி வண்டி. கீழே ஊருக்குள்ள எட்டு குடும்பம். அங்கே ஊத்துறதா, இங்கே ஊத்துறதான்னு…” அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மரத்தை விட்டுட்டோம்.”

“மூணு மாசமா எல்லாருமாச் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க.”

“வெறும் கரியைக் காட்ட மனசு வரலை. கொஞ்சம் பச்சை வரட்டும்னு பார்த்தோம்.”

“பச்சையா?”

கதவைத் திறந்து, பிடித்துப் பிடித்து இறங்கினாள். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு சாண் உயரத்துக்குத் துளிர் விட்டிருந்தது. சுற்றிலும் வட்டமாகப் பாத்தி கட்டியிருந்தார்கள். குனிந்து தொட்டாள். மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“யாரு தண்ணி விட்டது? நீயா?”

“ஞாயித்துக்கிழமையில அணையிலேருந்து தண்ணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துறதோட சரி, எங்க வேலை” என்ற பல்தசார் வண்டிக்குள் பார்த்தான்.

உள்ளே மூன்று பேரும், திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்களா? எழுந்து நிக்கவே தெம்பில்லாத ஆளுங்க!”

அபீலியோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நம்மளை ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிக்கு மேல குடிக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னார், ஃபெலிஸ்மினா. ஊத்தக் கூடாதுன்னு சொல்லலையே.”