பனி தாங்கும் ரகம்

யோஸ்காட் மேட்டில் எல்லார் வயலிலும் கோதுமை முளைத்துவிட்டது. துர்முஷின் நிலம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

“எந்தப் பனியையும் தாங்குற ரகம்னு அலைஞ்சு வாங்கினீங்களே!” என்றாள் மனைவி குலிசார்.

“வயித்தெரிச்சலக் கிளப்பாத. முளைச்சாத்தானே தாங்கும்?”

மண்ணைக் கிளறினான். போட்ட விதை போட்டபடியே கிடந்தது. பனி விழுந்துவிட்டால் மறுவிதைப்பும் கிடையாது. மறுநாள் விதைக்காரனை நாலு கேள்வி கேட்கக் கிளம்பினான்.

அதற்குள் ரவை உடைக்க மில்லுக்குப் போன குலிசார், தலையில் முதல் பனித்துகளோடு வந்து நின்றாள். கொண்டுபோன கோதுமை மூட்டை உடைபடாமல் அப்படியே இருந்தது.

“மில்காரர் சிரிக்கிறாருங்க. இது அவிக்காத கோதுமையாம்.”

“அப்போ ரவைக்குன்னு நீ அவிச்சுக் காயவச்ச மூட்டை?”

இருவரும் மொட்டை வயலைப் பார்த்தார்கள்.

“கவலைப்படாதீங்க,” என்றாள் குலிசார். “நீங்க விதைச்சத இனி எந்தப் பனியும் ஒண்ணும் பண்ண முடியாது.”