பரசுராமன் சொன்ன குறைகள்

“இங்க சின்னப்பையன்னு ஒருத்தரு கைடா இருக்காராமே, ஆளு எப்படிங்க?”

பெருமாள் கோயில் கோபுரவாசலில் காரைவிட்டு இறங்கிய அந்த அம்மாள் இப்படிக் கேட்டதும், பரசுராமனின் வயிற்றில் வழக்கமான நெருப்பு பற்றிக்கொண்டது. கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போகும் கைடுகள் அந்த வாசலில் பதினோரு பேர் நிற்கிறார்கள். ஆனாலும் வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லித் தேடுவது எப்போதும் சின்னப்பையனைத்தான். மற்ற பத்துப் பேரும் கைதட்டிக் கூப்பிடப்படுகிறவர்கள்.

உழைப்பில் பரசுராமனை மிஞ்ச அங்கே ஆளில்லை. செவிலிமேட்டிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். தெலுங்கு, இந்தி, கன்னடம் மூன்றையும் வாசலில் நின்றே கற்றவர். மாடிவீடு கட்டி முடித்துவிட்டார். பட்டுக்கடைக்காரர்கள் அவரைக் கண்டால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

இருந்தும் என்ன? எதிர் டீக்கடையில் ஐயம்பேட்டைச் சின்னப்பையன் சிரிக்கும் சிரிப்பு காதில் விழுந்துவிட்டால், அன்றைக்குச் சம்பாதித்ததெல்லாம் கசந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு அப்படிச் சிரிக்க என்னதான் இருக்கிறது? அவன் பெயரைச் சொல்லி வந்த ஒரே ஒரு குடும்பத்தையாவது தன் பின்னால் நடக்கவைத்துவிட வேண்டும். இதுவே பரசுராமனின் நெடுநாள் ஆசை.

“அவனா? இன்னைக்கு வரமாட்டான்மா,” என்றார் சற்றும் கூசாமல். “நீங்க எங்கூட வாங்க. காஞ்சிபுரத்துல எந்தக் கடையில எது நல்லாருக்குதுன்னு என்னைக் கேளுங்க.”

அம்மாளும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரிங்கண்ணா, பேசிக்கினே போலாம்,” என்றாள் அவள்.

கோயிலுக்குள் போனால் சின்னப்பையனே எதிரில் வந்து நிற்பான். ஒரு ஆந்திரக் குடும்பத்தோடு அவன் உள்ளேதான் இருந்தான். ஆகவே பரசுராமன் அவர்களை நேரே பட்டுக்கடைப் பக்கம் நடத்தினார். நடக்க நடக்க, அவர்கள் மனத்திலிருந்து அந்தப் பெயரை அழித்துவிடும் வேலையையும் தொடங்கினார்.

“மணி பன்னண்டு ஆச்சுன்னா போதும்மா, சாப்பாட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறி ஐயம்பேட்டைக்குப் போயிடுவான். இங்க பஸ் பஸ்ஸா கூட்டம் இறங்கிக்கினு இருக்கும். ‘வீட்ல சாப்பிடாம காத்துக்கினு இருப்பாங்கப்பா’ன்னுவான். வேலை செய்யறவன் பேசற பேச்சா இது?”

அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கே அருவருப்பாக இருக்கிறது என்று பரசுராமன் நினைத்தார்.

“வர்றவங்க கையில காசு கம்மின்னு தெரிஞ்சா, ‘இந்தக் கடை உங்களுக்குக் கட்டாதும்மா, வேற இடம் பாத்துக்கலாம்’னு வாசல்லயே திருப்பிடுவான். கமிஷன் போச்சேன்னு ஒரு கவலை இருக்குதா? பொழைக்கத் தெரியாத ஜென்மம்!”

“கோவம் வருமா அவருக்கு?” என்று கேட்டாள் அம்மாள்.

“வந்தாத்தான் மனுசன்னு சொல்லலாமே! போன மாசம் நாலு பேரு மத்தியில அவனைக் கேவலமா பேசிட்டேன். மறுநாள் எங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு, ஃபிளாஸ்க்குல கஞ்சி எடுத்துக்கினு ஆஸ்பத்திரியில வந்து நிக்கறான். சூடு சொரணை வேணாம்?”

கணவர் மெல்லக் குரலைத் தாழ்த்தினார். “குடிப்பாரோ?”

“டீதான் சார்! நாளுக்கு எட்டு. அதுலயும் அவன் குடிக்கறது ரெண்டு, மீதி ஊருக்கு வாங்கித் தர்றது. கையில ஒத்தக் காசு தங்காது.”

குறை சொன்னதில் தான் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை என்பதில் பரசுராமனுக்கே வியப்பு. உண்மையைச் சொன்னாலே இத்தனை குறைகள் தேறுகின்றனவென்றால், ஊர்க்காரர்கள் அவனிடம் எதைக் கண்டு மயங்குகிறார்கள்?

கடையில் விற்பனையாளர் புடவைகளை விரித்துக்கொண்டே போனார். அம்மாளின் கண் அவற்றில் பதியவேயில்லை. கணவரின் முகத்தையே சிறிது நேரம் பார்த்திருந்தாள். அவர் தலையசைத்தார். அதன் பிறகுதான் அவள் சம்மணமிட்டு நன்றாக உட்கார்ந்து, புடவைகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்துப் போட்டுப் பார்க்கலானாள்.

முக்கால் மணி நேரத்தில் அரக்கு நிறத்தில் பெரிய கரை வைத்த முகூர்த்தப் பட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். பரசுராமனின் நெஞ்சு விம்மியது. சின்னப்பையனைத் தேடி வந்த குடும்பம், தன்னை நம்பி, தான் காட்டிய கடையில், அன்றைய நாளின் மிக விலையுயர்ந்த புடவையை எடுத்துவிட்டது! இதை இப்போதே டீக்கடை வாசலில் நின்று சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு இன்றைக்காவது நிற்கிறதா பார்க்க வேண்டும்.

“சும்மா சொல்லக்கூடாதும்மா, ராசியான கலரு,” என்றார் வாயெல்லாம் பல்லாக. “கல்யாணப் பொண்ணு எந்த ஊரு?”

அம்மாள் புடவையின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரை நன்றியோடு பார்த்தாள்.

“நீங்க திட்டினதைக் கேட்டப்புறம்தாண்ணா முடிவே பண்ணோம். சின்னப்பையன் பொண்ணுதான் எங்க மருமக.”