மூடாத மூடிகள்

மருமகள் சமையலறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வடிவமைப்பும் மானிடவியலும் சேர்ந்த மேற்படிப்பாம். மனிதர்கள் வீட்டுப் பொருள்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தே பார்த்து வரைய வேண்டுமாம். ஊரில் இத்தனை வீடு இருக்க இவளுக்கு என் அடுப்படிதானா கிடைத்தது என்று மாமியாருக்கு உறுத்துகிறது. கொஞ்ச நாளாக வலது கை நடுங்குவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மோப்பம் பிடித்து மகன்தான் இவளை அனுப்பியிருப்பானோ? ஜன்னல் வெயில் வேறு, வேண்டுமென்றே செய்வதுபோல், அவள் கைகளின் மேலேயே விழுகிறது. தாளில் பென்சில் சரசரக்கிறது. மாமியார் வேலையை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. “நான் இருக்கேன்னே நினைக்காதீங்க அத்தை, எப்பவும் போல செய்யுங்க.” “எப்பவும் போலத்தான் செய்றேன்” என்று இடது கையால் பால் பாத்திரத்தை இறக்குகிறாள் மாமியார். வலது கை துண்டுக்குள் சுருண்டிருக்கிறது. “எந்த டப்பாவையும் நீங்க இறுக்கி மூடறதே இல்லையே, ஏன்?” மாமியார் அலமாரியைப் பார்க்கிறாள். வரிசையாக எல்லா மூடிகளும் சும்மா மேலே உட்கார்ந்திருக்கின்றன. “உன் புருஷன் கேக்கச் சொன்னானா?” “அவருக்கு ஒண்ணும் தெரியாது. கையைக் காட்டுங்க அத்தை.” அந்த முகத்தை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமலே மாமியார் துண்டை விலக்குகிறாள். வெயிலில் விரல்கள் தம்பாட்டுக்கு ஆடுகின்றன. “இதையும் வரைஞ்சிடுவியா?” மருமகள் எழுந்து, தாளையும் பென்சிலையும் முக்காலியில் வைத்துவிட்டு வந்து, அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொள்கிறாள். அப்போதும் மாமியாரின் கண் முக்காலியின் மேல் கிடக்கும் தாளை விட்டு அகலவில்லை.