வட்டமா வானம்

"மூஞ்சில குளிர்ந்த தண்ணி பட்டுச்சா, தர்ஷிகா?"

"தண்ணிக்குள்ளதான் மிஸ் இருக்கேன்." பற்கள் கிடுகிடுத்ததில் பேச்சு உடைந்து வந்தது.

கைப்பேசியைக் காதில் அழுத்தியிருந்த ஆதிபாவுக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. மாத்தளையில் உளவள ஆலோசகர் அவள். லக்கலவிலிருந்து அவளிடம் வரும் தர்ஷிகாவுக்கு, மனம் கொதித்தால் கையைக் கிழித்துக்கொள்ளும் பழக்கம். அதிலிருந்து மீள முகத்தைக் குளிர்ந்த நீரில் நனைப்பது, மூச்சை நீளமாக விடுவது என, டீபீடீ என்ற உளச் சிகிச்சையின் திறன்களை ஒவ்வொன்றாகப் பழக்கி வந்தாள் ஆதிபா. அந்தரமான நேரத்தில் அழைக்கச் சொல்லித் தன் இலக்கத்தையும் கொடுத்திருந்தாள். இன்று பிற்பகல் அந்தப் பெயர் திரையில் வந்ததும் வழக்கமான கொந்தளிப்பு என்றே நினைத்தாள். பரவாயில்லை, சொல்லாமலே தண்ணீரைத் தேடிப் போயிருக்கிறாள்.

"நல்லது. இப்ப மூச்ச மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுத்தத விட நீளமா."

மூச்சுச் சத்தம் எங்கோ மோதித் திரும்பி வந்தது.

"கையக் கிழிக்கணும் போல இருக்கா?"

"இல்ல மிஸ். பயமா இருக்கு."

"பயத்தோட சண்ட போடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியிறத மட்டும் சொல்லுங்க."

"சுத்தி கல்லு. பாசி. மேல வட்டமா வானம்."

ஆதிபா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"காதுல என்ன கேக்குது?"

"மேல யானை மூச்சு விடுது."

"எங்க இருக்கீங்க தர்ஷிகா?"

"எங்க சேனைத் தோட்டத்துக் கிணத்துல. யானை வெரட்டுச்சு மிஸ். ஓடி வந்து விழுந்துட்டேன். வேரப் புடிச்சிருக்கேன், கை நழுவுது."

கைப்பேசியை வைக்காமலே, மறுகையால் அலுவலகத் தொலைபேசியை எடுத்துக் தர்ஷிகாவின் கணவன் ஜீவராஜை அழைத்தாள். சேனைக்குப் பக்கத்துப் பல்லேகமவில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தான் அவன். "ஒங்க சேனைக் கிணத்துக்கு ஆளுங்களோட ஓடுங்க. யானை நிக்குது, கவனம்."

பிறகு தர்ஷிகாவிடம், "ஆள் வருது. அந்த வேர் எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள்.

"சொரசொரன்னு... ஈரமா... மிஸ், வச்சிராதீங்க."

"வைக்க மாட்டேன்."

வைக்கவில்லை. தர்ஷிகாவின் குரல் தேய்ந்து வெறும் மூச்சாக ஆன பிறகும், இழுங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை வறண்டு போயிற்று. கடைசியில் எங்கோ யானை விரட்டும் வெடி வெடித்தது. ஆண்களின் கூச்சல் கேட்டது. அழைப்பு அறுந்தது.

இருட்டும் வேளையில் மறுபடியும் தர்ஷிகாவின் பெயர் ஒளிர்ந்தது. பேசியது ஜீவராஜ்.

"உசுரோட இருக்கா மிஸ். ஆஸ்பத்திரியில சேத்துட்டு, உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். என் போன் கிணத்துல விழுந்துருச்சு." "நீங்க பக்கத்துலயே நின்னு மூச்சு விடச் சொன்னீங்கன்னு பெனாத்துறா. கிணத்துல இருக்கான்னு ஒங்களுக்கு யாரு மிஸ் சொன்னா?"

"தர்ஷிகாதான். அவங்கதானே எனக்கு கோல் எடுத்தாங்க."



"எதுலருந்து மிஸ்? அவ போன் காலையிலருந்து இங்க வீட்டுல சார்ஜுல கெடக்கு. இப்பத்தான் கழட்டி ஒங்களுக்குப் பேசுறேன்."