செம்புத் தண்ணீர்

மனம் அளவுமீறிப் பொங்கும் நோய்க்கு லித்தியம் மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து செண்பகவல்லிக்குத் தீராத தாகம். போகுமிடமெல்லாம் தண்ணீர்ச் செம்பும் கூடவே போனது. மனம் அடங்கியிருந்ததால் இத்தனை வருடமாக அந்தச் செம்பை யாரும் குறை சொல்லவில்லை. அந்த மாத்திரையே சிறுநீரகத்தைப் பாதி தின்றுவிட்டது என்று போன மாதம் டாக்டர் அதை நிறுத்தினார்.

இன்று காலை செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. மொட்டைமாடியில் அவள் பாடுவது கேட்டது. முன்பெல்லாம் நோய் இப்படித் தூக்கம் கெட்டு, பாட்டோடுதான் தொடங்கும். கணவர் தாமோதரன் படியேறி ஓடினார்.

“என்ன, பாட்டெல்லாம்?”

“வெயில் நல்லாருக்கு, பாடுனேன்.”

“ராத்திரி தூங்குனியா?”

“தூங்குனேங்க.” ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். “நான் சும்மா சந்தோஷமா இருந்தாக்கூட உங்களுக்குப் பயமா இருக்குல்ல?”

“சேச்சே” என்றார்.

கீழே வந்து செம்பை எடுத்து, அண்ணாந்து, முழுவதையும் குடித்தார். தாகம் அடங்கவில்லை.