கட்டுப் பிரித்த கை
காலை வெயில், கதவு திறந்து கிடக்கும் நகலெடுக்கும் மெஷினுக்குள் விழுகிறது. மெக்கானிக் அக்கா தரையில் சம்மணமிட்டு, தாளை இழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைக்கிறாள். மாவுக்கட்டுப் பிரித்த வலது கைக்கு இன்றுதான் முதல் வேலை. துணியில் கறுப்பு இறங்க இறங்க, ரப்பருக்குப் பிடிமானம் திரும்புகிறது. உருளையை மாட்டும்போது விரல்கள் சரியாக மடங்காமல், கிளிப் தெறித்து ஓடுகிறது. அந்த அலுவலகத்து டைப்பிஸ்ட் அதைப் பொறுக்கி வருகிறாள். "நான் மாட்டட்டுமாக்கா?" "வேணாம்மா. இந்தக் கை எத்தனை நாளைக்குத்தான் விருந்தாளியாவே இருக்கும்?" உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறாள். கிளிப் டக்கென்று உட்கார்கிறது. மெஷின் கதவை மூடிப் பொத்தானைத் தட்டியதும் ஒரு தாள், அதன் பின்னாலேயே இன்னொன்று, எங்கும் சிக்காமல் வந்து விழுகின்றன. "அட, ஓடுதே!" என்கிறாள் டைப்பிஸ்ட். அக்கா கருவிப்பெட்டியை வலது கையாலேயே தூக்கிக்கொள்கிறாள். "மாடியில ஒண்ணு மக்கர் பண்ணுதுன்னியே, வா, காட்டு."